பால்மரம் தளிர்க்கும் பருவத்தில் படிக்கப் புது நூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மற்ற நாட்டார் இளவேனில் என்று கொண்டாடும் பருவம் நம் மலேசியாவில் இல்லை என்றாலும், பால்மரக் காட்டில் அதற்கு ஈடான ஒரு பருவம் உண்டு. தைப்பூசம் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வந்ததும் ரப்பர் இலைகள் மஞ்சளாகிச் செம்பட்டையாகி உதிர, நிரைக்கு நிரை சருகு மூடிக் கிடக்கும்; சில வாரங்களுக்குள் மொட்டைக் கிளைகளில் செப்பு நிறத் தளிர் விடும். மரத்தின் சத்தெல்லாம் புது இலைக்குப் போய்விடுவதால் அந்தக் காலத்தில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் பால் குறையும். சிறுதோட்டக்காரர்கள் சிலர் மரத்துக்கு ஓய்வு கொடுத்து, பாலுக்காகப் பட்டை சீவும் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். பால்மரம் வெட்டிய என் தகப்பனார் தம் படிப்புக் கண்ணாடியைத் தேடுவது இந்த ஆறேழு வாரங்களில்தான். மற்ற மாதங்களில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் அவருக்குத் தூக்கம் ஒன்றே போதுமானதாக இருந்தது. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் தெரியாது, ஏனெனில் செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே கோலத்தில் நிற்கும் மரம். ஆயினும் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டைச் சுற்றி இன்னும் பால்மரம் நிற்கும் இடங்களில் சருகு விழத் தொடங்கியதும் புத்தகம் தேடும் பழக்கம் எங்கள் வீட்டில் தொடர்கிறது. அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்முடைய பருவமும் தமிழ்ப் பதிப்புலகின் பருவமும் நல்லவேளையாக ஒத்துப்போகின்றன. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால், தமிழகப் பதிப்பாளர்கள் தங்கள் புது நூல்களில் பெரும்பகுதியை டிசம்பரிலும் ஜனவரியிலும் குவித்து வெளியிடுகிறார்கள். அவை கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பினாங்குக்கும் வந்து சேரவும், அவற்றைப் பற்றி நாலு பேர் நிதானமாக எழுதவும் எப்படியும் ஓரிரு மாதங்கள் ஆகும். ஆகவே பொங்கல் வாரத்துப் பாராட்டுரைகளை நம்பி உடனே பணம் அனுப்ப வேண்டியதில்லை. அந்த வாரத்தில் எழுதப்படுபவற்றில் பல, வெளியீட்டு விழா மேடையில் பேசியவை அப்படியே அச்சுக்கு வந்தவை. மார்ச் மாதத்தில் ஒருவர் ஒரு நாவலைப் பற்றிக் குறையும் நிறையும் கலந்து எழுதியிருந்தால், அவர் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம். உள்ளூர் நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: கதைச்சுருக்கம் மட்டும் சொல்லி வாழ்த்தி முடிக்கும் மதிப்புரையைக் காட்டிலும், ஓர் அத்தியாயத்தைக் குறிப்பிட்டு அங்கே தமக்கு இடறியது இன்னதென்று சொல்லும் நாலு வரி அதிகப் பயன் தரும்.

அடுத்தபடியாக, புது நூல் என்று விற்கப்படுவது உண்மையில் புதிதுதானா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த பட்டியலைப் பார்த்து, இந்த ஆண்டின் புது நாவல் என்ற அறிவிப்பை நம்பி ஒரு கடைக்குப் பணம் அனுப்பினேன். பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் பெட்டியில் ஏற்கெனவே கிடந்த நாவல். அட்டைப்படம் மட்டும் மாறியிருந்தது. அதிலிருந்து கற்றுக்கொண்ட வழி எளியது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, திருத்திய பதிப்பா வெறும் மறு அச்சா என்பவை அங்கே இருக்கும். அதே பக்கத்தில் உள்ள பதின்மூன்று இலக்கப் புத்தக எண்ணும் ஒன்றைச் சொல்லும்: 978-க்குப் பின் 967 அல்லது 629 என்று வந்தால் நூல் மலேசியாவில் எண் பெற்றது, 81 அல்லது 93 என்று வந்தால் இந்தியாவில் பெற்றது. நம் நாட்டு எழுத்தாளர் பலர் தமிழகத்தில் அச்சிடுகிறார்கள் என்பதால் இந்த எண்ணை வைத்து நூலாசிரியரின் ஊரை முடிவு செய்ய இயலாது. ஆனால் எந்த நாட்டில் தேடினால் எளிதாகக் கிடைக்கும் என்பதை முடிவு செய்யலாம். மறுபதிப்பு என்பதால் ஒரு நூலை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய நூலுக்குப் புது நூலின் விலையையும் ஆவலையும் செலவழிக்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும்.

இனித் தேர்வு. நான் பல ஆண்டுகளாகக் கைக்கொள்ளும் முறை, நூல்களைத் தனித்தனியாக வாங்காமல் இணையாக வாங்குவது. ஒரு புனைவு (நாவல், சிறுகதை), ஒரு அபுனைவு (வரலாறு, ஆய்வு). இரண்டும் ஒரே நிலத்தையோ ஒரே நிகழ்ச்சியையோ பற்றியவையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது அண்மையில் வந்ததாக இருக்க வேண்டும். வரலாற்று நூலை மட்டும் படித்தால் ஆண்டுகளும் தொகைகளும் நினைவில் நிற்பதில்லை. நாவலை மட்டும் படித்தால், இப்படி நடந்திருக்குமா என்ற கேள்வி தீராமல் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடித்துக்கொள்கிறது. சிறு பட்டணத்தில் ஆண்டுக்கு ஆறு நூல் வாங்குவதே பெரிய காரியம் என்றிருக்கும்போது, அந்த ஆறும் மூன்று இணைகளாக அமைந்தால் படித்ததைப் பற்றிப் பேசவும் பொருள் கிடைக்கிறது.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தோட்டங்களில் பாட்டன் வழியாகவோ பாட்டனின் தம்பி வழியாகவோ இதில் ஒரு கதை இல்லாத குடும்பம் அரிது. பான் போங்கிலிருந்து தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அந்தப் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் தமிழர்களை ஏற்றிச் சென்றார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவலும் இதை முன்பே எழுதிவிட்டன. அண்மையில் வந்தது கெடாவைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் ‘கையறு’. அதனுடன், கள ஆய்வு செய்து சீ. அருண் எழுதியுள்ள சயாம் பர்மா மரண ரயில்பாதை வரலாற்று நூலைச் சேர்த்தால் ஓர் இணை அமைந்துவிடும். எதை முதலில் படிப்பது என்று என்னைக் கேட்டால், நாவலைத்தான் சொல்வேன். முகாம், மழை, காலரா, ஊரில் விடப்பட்ட மனைவி என்று ஒரு குடும்பத்தின் வழியாக உள்ளே நுழைந்தவருக்கு அதன் பிறகு வரலாற்று நூலின் ஒவ்வோர் ஊர்ப்பெயரும் ஓர் இடமாகத் தெரியும். மாறாக வரலாற்றை முதலில் படித்தவர், நாவலைத் தவறு கண்டுபிடிக்கும் கண்ணோடு படிக்கத் தொடங்கிவிடுகிறார். எனக்கே அப்படி நேர்ந்தது.

இரண்டாவது இணைக்குக் கடலை எடுத்துக்கொள்ளலாம். மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’, சிவகங்கையின் பெரிய உடையணத் தேவரும் அவருடன் எழுபதுக்கு மேற்பட்டோரும் 1802-இல் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு நம் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டதைச் சொல்லும் வரலாற்று நாவல். 2022-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பினாங்கில் தைப்பூசத் தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு, பாளையக்காரர் போரின் கைதிகள் அதே கரையில் இறங்கினார்கள் என்ற செய்தியே புதிதாக இருக்கும். இதற்கு இணையாகச் சிங்கப்பூரில் வளர்ந்த வரலாற்றாசிரியர் சுனில் அம்ரித் 2013-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிராஸிங் த பே ஆஃப் பெங்கால்’ நூலைப் பரிந்துரைக்கிறேன். புதிது என்று சொல்ல இயலாதுதான். ஆனால் 1840-க்கும் 1940-க்கும் இடையே ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர் வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள் என்று கணக்கிட்டு, பருவக்காற்று, கப்பல் கட்டணம், கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை, பஞ்சம் ஆகியவற்றை ஒரே வலையில் பின்னிக்காட்டும் நூல் அது. ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடம் அபுனைவையும், தமிழ் வாசிக்கும் பெரியவரிடம் நாவலையும் கொடுத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்ல வைக்கலாம். இதனால் வீட்டில் சிறு சண்டைகளும் வரும். எங்கள் வீட்டில் வந்தது.

தோட்டத்துப் பெண்களைப் பற்றிய இணையை அமைப்பது சற்றுக் கடினம். அருணிமா தத்தாவின் ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்’ 2021-இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. ஆங்கிலேயர் கால மலாயாவின் கூலிப் பெண்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாகக் காட்டுவதோடு நில்லாமல், தமக்குக் கிடைத்த சிறு வெளிகளில் அவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள், எப்படி முறையிட்டார்கள், எப்படி வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்கள் என்பதை ஆவணங்களிலிருந்து தேடியெடுக்கும் ஆய்வு நூல் இது. ஆய்வு நடையில் இருப்பதால் மெல்லத்தான் போகும். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். இதன் அருகில் வைக்கும் புனைவாக, தோட்டத்துக்குள்ளிருந்தே எழுதிய சீ. முத்துசாமியின் கதைகளையோ ‘மண்புழுக்கள்’ நாவலையோ சொல்வேன். விஷ்ணுபுரம் விருது 2017-இல் அவருக்கு வழங்கப்பட்டது. அகிலன் மலேசியாவைப் பார்த்துச் சென்று எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ நாவலையும் சேர்த்துப் படித்தால், பார்க்க வந்தவரின் கண்ணுக்கும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவரின் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு வரிக்கு வரி தெரியும். விருந்தாளி வீட்டின் முகப்பை எழுதுகிறார். உள்ளிருப்பவர் அடுப்படிப் புகையை எழுதுகிறார்.

எல்லாவற்றையும் இணையாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்கு நான் துணை நூல் தேடவில்லை. கொங்கு நாட்டின் குடிநாவிதர் குடும்பமொன்றில் நிகழும் ஒரு சாவையும் அதைச் சுற்றிக் கூடும் உறவுகளையும் சொல்லும் அந்த நூல் 2023-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைப்பு, புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் சொன்ன தொடர். ‘யாதும் ஊரே’ என்ற முதலடியைப் பள்ளி மேடையில் முழங்கும் நம்மில் பலர், ஆற்று வெள்ளத்தில் செல்லும் புணையைப் பற்றிய அந்த நடு அடிகளை மறந்துவிடுகிறோம். வேண்டுமானால் அந்தப் பாட்டையே இதன் துணை நூலாக வைத்துக்கொள்ளலாம். சிறுகதை விரும்புவோர், கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் பன்னிரண்டு கதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஹார்ட் லாம்ப்’ என்ற பெயரில் வந்து 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றதை அறிந்திருப்பார்கள். சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. தென்னிந்திய முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள் நடப்பவை என்பதால், மொழி ஆங்கிலமாக இருந்தாலும் கதைகள் நமக்கு அந்நியமாக இரா.

பரிசுப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு புது நாவலை எப்படி எடைபோடுவது என்பதற்கு நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். முதல் பக்கத்தைப் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனெனில் எல்லோரும் அதைச் செதுக்கித்தான் எழுதுகிறார்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி, அங்கே ஒரு சாதாரண நாள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யாரும் சாகாத, யாரும் காதலிக்காத ஒரு பக்கம் படிக்கத் தகுந்ததாக இருந்தால் நாவல் பெரும்பாலும் நிற்கும். அடுத்து, பேச்சு அதிகம் வரும் ஒரு பக்கத்தில் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு, பேசுவது தோட்டத்துக் கணக்கரான கிராணியா, கங்காணியா, கிழவியா என்று குரலை வைத்தே சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, எனக்குத் தெரிந்த வேலை ஒன்று நாவலில் வரும் இடத்தைத் தேடுவேன். மரம் வெட்டுவதைப் பொழுது விடியுமுன் தொடங்குவது ஏன் என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏற ஏற அது தளர்ந்து ஒழுக்கு நின்றுவிடும். உச்சி வெயிலில் கதாநாயகி பாட்டுப் பாடிக்கொண்டு மரம் சீவுகிற நாவலை நான் அங்கேயே மூடிவிடுகிறேன். உங்கள் வேலை லாரி ஓட்டுவதாகவோ செம்பனைக் குலை வெட்டுவதாகவோ கடையில் கணக்கெழுதுவதாகவோ இருந்தால், அந்த வேலையை வைத்தே சோதித்துப் பாருங்கள்.

அபுனைவுக்குச் சோதனை வேறு. பொருளடக்கத்தையும் கடைசிப் பக்கங்களையும் முதலில் பார்க்க வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்று ஒன்றுமே சொல்லாத வரலாற்று நூலை, எவ்வளவு உணர்ச்சியோடு எழுதியிருந்தாலும், தகவலுக்காக நம்ப இயலாது. அதன்பின் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தி அந்த நூலில் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஏனெனில் மலாயாவின் இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய எந்த நூலும் நம் ஊரைத் தொடாமல் போவதில்லை. 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்திலும் அதன் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இந்த இரண்டு வாக்கியத்தோடு நகர்ந்துவிடும் நூலும் உண்டு. அதற்கு முந்தைய மாதங்களில் தோட்டங்களில் கூலி என்னவாக இருந்தது, தொழிற்சங்கங்கள் எப்படி நடத்தப்பட்டன, அன்றைக்குப் பிறகு லயங்களில் இருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று கேட்கும் நூலும் உண்டு. இரண்டாவது வகை நூல் உங்கள் கைக்கு வந்தால், மற்ற அத்தியாயங்களையும் நம்பிப் படிக்கலாம். இதேபோல, அந்நியத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அப்போதைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கினார் என்பதை ஒரு நூல் எப்படிச் சொல்கிறது என்றும் பார்க்கலாம். புகழ்மாலையாகச் சொல்கிறதா, வசையாகச் சொல்கிறதா, அல்லது அந்தச் சேமிப்பு எப்படித் திரட்டப்பட்டது, பிறகு என்னவாயிற்று என்று விளக்குகிறதா என்பதில் நூலாசிரியரின் தரம் தெரிந்துவிடும்.

தமிழ் ஆய்வு நடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டுமானால், ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலைப் பாருங்கள். 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது இந்த அபுனைவு நூலுக்குத்தான் சென்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் பங்குகொண்ட சாதாரண மனிதர்களை ஆவணங்களிலிருந்து மீட்டெடுக்கும் நூல் அது. நம் தோட்டத்துப் பெரியவர்களின் கதைகளை இப்படி யாராவது எழுதினால் என்ன என்ற ஏக்கம் அதைப் படிக்கும்போது எனக்கு வந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழகத்திலிருந்து வரும் நூலுக்கு அட்டையில் அச்சிட்ட ரூபாய் விலையைவிட இங்கே வெள்ளியில் (ரிங்கிட்டில்) கொடுக்கும் விலை கணிசமாக அதிகம். அதில் பெரும்பகுதி அஞ்சல் செலவு. ஒற்றை நூலுக்குத் தனிப் பொட்டலம் வரவழைப்பதைவிட, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பட்டியலாக அனுப்பினால் செலவு பகிர்ந்துகொள்ளப்படும். இணை வாசிப்பு முறைக்கும் இது பொருந்தும்: ஒரு வீடு நாவலை வாங்க, அடுத்த வீடு அபுனைவை வாங்கி, மூன்று வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளூர் எழுத்தாளரின் நூலாக இருந்தால் அவரிடமோ வெளியீட்டாளரிடமோ நேரடியாகவே வாங்குவது நல்லது. ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம். வருமான வரி கட்டுவோருக்கு வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் கழிவில் புத்தகமும் சேரும். கைத்தொலைபேசிக்கும் இணையக் கட்டணத்துக்கும் அந்தக் கழிவைக் கேட்கிறவர்கள், நூல் வாங்கிய ரசீதைக் கணக்கில் காட்ட மறந்துவிடுகிறார்கள்.

வாங்காமல் படிக்க விரும்புவோர்க்கும் வழி உண்டு. தேசிய நூலகத்தின் யு-புஸ்தாகா மின்னூலகத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு மலாய், ஆங்கில நூல்களைக் கைத்தொலைபேசியிலேயே இரவல் பெறலாம். பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் போதும். மேலே சொன்ன புறநானூற்றுப் பாட்டை அங்கே எடுத்துப் படிக்கலாம். புது நூல்கள் இலவசக் கோப்பாகப் புலனத்தில் சுற்றிவந்தால் அவற்றைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். முந்நூறு பிரதி விற்பதற்கே அல்லாடும் எழுத்தாளரிடமிருந்து திருடுவது அது.

நூல் வந்தபின் படிக்கும் முறை. இலையுதிர்வு தொடங்கித் தளிர் முற்றிக் காடு மீண்டும் நிழல் கட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஆறேழு வாரங்கள் ஆகும். அதற்குள் ஓர் இணையை முடிப்பது என்று வைத்துக்கொண்டால் அவசரம் வேண்டியதில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பது பக்கம் நாவல், மாலை விளக்கு வைத்தபின் பத்துப் பக்கம் வரலாறு என்பது என் கணக்கு. நாவலில் வரும் ஊர், ஆண்டு, பட்டப்பெயர் ஆகியவற்றைப் பின்னட்டை உள்புறத்தில் பென்சிலால் குறித்துவைத்து, அபுனைவில் அதே பெயர் வரும்போது பக்க எண்ணைச் சேர்த்துக்கொள்வேன். ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்காத நாவலை விட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அபுனைவை மட்டும் உடனே கைவிடாமல், நடுவில் விருப்பமான அத்தியாயத்துக்குத் தாவி அங்கிருந்து பின்னோக்கி வந்து பார்க்கலாம். ஆய்வு நூல்களின் முன்னுரைதான் பல வாசகர்களை விரட்டிவிடுகிறது.

கண் மங்கிய பெரியவர்கள் உள்ள வீட்டில் உரக்கப் படிப்பதைக் கட்டாயம் பரிந்துரைக்கிறேன். என் தாயாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். சயாம் ரயிலைப் பற்றிய நாவலை நான் முன்தாழ்வாரத் தூணில் சாய்ந்துகொண்டு உரக்கப் படித்தபோது, ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாத தம் சிற்றப்பா ஒருவரின் பெயரை முதல் முறையாகச் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்பட்டதில்லை. ஆகவே உரக்கப் படிக்கும்போது கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்; கேட்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படிக்கிற நூலைவிட, இடையில் அவர்கள் சொல்வது சில வேளைகளில் பெறுமதியானதாக இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: நம் ஊர் ஈரக்காற்றில் புத்தகம் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் நிற்கவைத்து அடுக்கி, இடையில் விரல் நுழையும் அளவு காற்றிடம் விட்டு, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை அலமாரியில் போட்டுவைத்தால் போதும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெயிலில் உலர்த்தினால் அட்டை வளைந்துபோகும், மின்விசிறிக் காற்றே நல்லது.

காடு மீண்டும் நிழல் கட்டி, வெட்டுக்காரர்கள் முன்போல விடியுமுன் தலைவிளக்கோடு நிரையில் இறங்கத் தொடங்கும்போது, படித்து முடித்த இணையை ஒரே பையில் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். பின்னட்டையில் உள்ள பென்சில் குறிப்புகளை நாங்கள் அழிப்பதில்லை. போன ஆண்டு அப்படி மூன்று வீடுகள் சுற்றித் திரும்பி வந்த நாவலில், என் குறிப்புக்குக் கீழே வேறொரு கையெழுத்தில், நான் எழுதிய ஊர்ப்பெயர் தவறு என்று திருத்தப்பட்டிருந்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன், திருத்தம் சரிதான்.